சித்தப்பாவின் கட்டைவிரல்

“உங்க சித்தப்பாவுக்கு ஆபீஸ்ல என்னதான் வேலை?”

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ஒருநாள் இப்படிக் கேட்டான். முடிவெட்டும் கடையில் பாதி முடி வெட்டிய நிலையில் சித்தப்பா போர்வைக்குள்ளிருந்து கையை உருவிப் போனை அழுத்தியதை அவன் நேரிலேயே பார்த்திருந்தான்.

“எல்லாம் சரியா ஓடுதான்னு பாத்துக்கிட்டு இருப்பாரு,” என்றேன்.

“ஓடலைன்னா?”

“போன் அடிக்கும்.”

“அடிச்சா?”

“அழுத்துவாரு.”

“அழுத்தினா?”

“அடிக்கிறது நின்னுடும்.”

அவன் விடவில்லை. “சரி, ஓடாம நின்னுச்சே, அது என்ன ஆகும்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அப்போது சித்தப்பாவுக்கே தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போது பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. அடுத்து என்ன என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. பழைய கேள்விக்காவது பதில் கிடைத்திருக்கிறது, அதை எழுதிவிடுகிறேன். கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர்களுக்கும் புரியும்படி எழுதப் பார்க்கிறேன்.

சித்தப்பா வேலை செய்வது வீட்டுக்கே மளிகை கொண்டுவந்து தரும் ஒரு கம்பெனியில். ஆனால் அவர் ஆபீஸில் ஒரு வெங்காயத்தைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. நாம் போனில் வெங்காயத்தைத் தொட்டால், அந்தச் செய்தி கிடங்குக்குப் போய், அங்கிருந்து வண்டிக்காரரிடம் போய், கடைசியில் வெங்காயம் நம் வாசலுக்கு வருகிறது. நடுவில் நிறையக் கம்ப்யூட்டர்கள் இடைவிடாமல் ஓடுகின்றன. அவற்றை சர்வர் என்பார்கள். அந்த சர்வர்களில் ஓடும் நிரலை, அதாவது புரோகிராமை எழுதுவது, மாற்றுவது, ஓடுகிறதா என்று கவனிப்பது எல்லாமே ஒரே அணியின் வேலை. சித்தப்பா அந்த அணியில் ஒருவர்.

அடுப்பில் பால் வைத்தால் பக்கத்தில் ஒருவரை நிறுத்துவோம் இல்லையா? பாலை இறக்க வேண்டியதில்லை, பொங்கும்போது கத்தினால் போதும் என்று சொல்லி வைப்போம். சர்வர்களுக்கும் அப்படி ஓர் ஆள் உண்டு. அது மனிதர் அல்ல, இன்னொரு நிரல். எந்தக் கம்ப்யூட்டராவது மூச்சு வாங்கினால், வேகம் குறைந்தால், இடம் நிரம்பினால், அது கத்தும். அந்தக் கத்தல் அணியில் உள்ள எல்லோருடைய போனிலும் ஒரே நேரத்தில் கேட்கும். லாரி பின்னால் வரும்போது ஒரு சத்தம் போடுமே, ஏறக்குறைய அதே சத்தம்.

சத்தம் வந்ததும் போன் திரையில் இரண்டு பொத்தான்கள் தோன்றும். மேலே பெரிதாகப் பச்சை நிறத்தில், ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’. யாராவது ஒருவர் அதை அழுத்திவிட்டால் மற்ற எல்லோருடைய போனும் அடங்கிவிடும். பொறுப்பை ஒருவர் ஏற்றுக்கொண்டார், மற்றவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கலாம் என்று அர்த்தம். கீழே சின்னதாகச் சாம்பல் நிறத்தில், ‘என்னால் முடியவில்லை, அடுத்தவரைக் கூப்பிடு’. அது ஏதோ அழகுக்கு வைத்தது என்று அணியில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

பச்சைப் பொத்தானில் சித்தப்பாவின் கட்டைவிரலை ஜெயிக்க ஆளில்லை. குளிக்கும்போது சோப்புக் கையோடு அழுத்துவார். பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டே அழுத்துவார். மற்றவர்கள் போனை எடுப்பதற்குள் சத்தம் நின்றிருக்கும். அதனால் ஆபீஸில் அவருக்கு ‘பாத்துக்கறேன்’ என்றே பெயர் வந்துவிட்டது.

“பாத்துக்கறேன் எங்கப்பா, சாப்பிடப் போயிட்டாரா?”

“இங்கதான் இருக்காரு. அவரு விரல் இருக்கிற வரைக்கும் நமக்கென்ன கவலை.”

சித்தப்பாவுக்கு இதில் பெருமை. காலையில் முதலில் வந்து உட்காருபவர் அவர்தான், சோம்பேறி என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அழுத்திய பிறகு அவர் என்ன செய்வார் என்று கேட்டால், பெரும்பாலும் ஒன்றும் செய்ய மாட்டார். செய்யத் தேவை இருக்காது. இந்த அலாரங்கள் பல, தடுக்கி விழுந்த குழந்தை மாதிரி. யாரும் பார்க்கவில்லை என்றால் தானாகவே எழுந்து போய்விடும். சித்தப்பா சாவகாசமாக லேப்டாப்பைத் திறக்கும்போது எல்லாம் சரியாகியிருக்கும். வருஷக்கணக்கில் இப்படியே நடந்ததால் அவர் மனதில் ஒரு நம்பிக்கை வேர்விட்டது. சத்தம் நின்றால் சங்கடமும் நின்ற மாதிரிதான் என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை ஆபீஸிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அதையும் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

“திரைச்சீலைக் கம்பி ஒரு பக்கம் தொங்குதுங்க.”

“பாத்துக்கறேன்.”

“பாப்பாவோட ஷூ கடிக்குதாம்.”

“பாத்துக்கறேன்.”

பச்சைப் பொத்தான் வீட்டில் இல்லை என்பதுதான் வித்தியாசம். வாயாலேயே அழுத்திவிடுவார். அவர் பார்த்துக்கொள்கிறார் என்று சித்தியும் சும்மா இருந்துவிடுவார். கம்பி தொங்கிக்கொண்டே இருக்கும். அவர்களுடைய மகள், நான்கு வயதுப் பாப்பா, நொண்டிக்கொண்டே திரிவாள்.

சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். கப்பலிலிருந்து இறங்கிய பெட்டிகளை முற்றத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் நடுத்தர கிரேன் அவருடையது. கரையோரம் ஒட்டகச்சிவிங்கி மாதிரி நிற்கும் பெரிய கிரேன்களை, கப்பலுக்குள்ளிருந்தே பெட்டியைத் தூக்குமே அவற்றை, ஓட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்கான பயிற்சிக்கு அவரைத் தேர்ந்தெடுத்துச் செய்தி வந்தது. வேறு ஊர்த் துறைமுகத்தில் ஆறு வாரம். வருகிறேனா இல்லையா என்று அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும்.

செய்தி வந்த அன்று மாலை சித்தி சமையலறைக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்த குழாய் அது. இப்போது சொட்டும் சத்தம் கேட்கவில்லை. குழாயின் வாயில் ஒரு நூல் கட்டியிருந்தது. தண்ணீர் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

“இது என்ன?”

“சத்தம் தொந்தரவா இருக்குன்னு நீதானே சொன்னே. பாத்துக்கிட்டேன்,” என்றார் சித்தப்பா.

சித்தி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ஆறு வாரம் நான் இல்லாம இந்த வீட்டை நீங்க ஓட்டிடுவீங்களா?”

“நான் பாத்து...”

“அந்த வார்த்தை மட்டும் வேணாம்.”

சித்தி கையை மேலே காட்டினார்.

“கிரேன்ல நான் மேல உக்காந்திருப்பேன். பெட்டி கீழ போகப் போக எனக்கு அடியில என்ன இருக்குன்னே தெரியாது. கீழ நிக்கிற சிக்னல்மேன் கையைக் காட்டினா இறக்குவேன். அவரு பாக்காமலே கையைக் காட்டினா என்ன ஆகும்?”

“ஏதாவது நசுங்கும்.”

“நம்ம வீட்ல பாப்பா இருக்கா. அவளை உங்க கையில விட்டுட்டு நான் அங்க போய் நிம்மதியா பெட்டி தூக்க முடியுமா? இல்லைன்னு எழுதிடறேன். விடுங்க.”

‘விடுங்க’ என்று சொன்னபோது சித்தியின் குரலில் கோபம் இல்லை. சித்தப்பாவைக் குத்தியது அதுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

“ஒரு வாரம் டைம் குடு,” என்றார். “எங்க ஆபீஸ்ல எத்தனையோ சர்வரைக் கண்காணிக்கிறோம். ஒரு வீட்டைக் கண்காணிக்க முடியாதா? இந்த வாரம் நீ வீட்ல இல்லைன்னு வச்சுக்க. நான் ஜெயிச்சா நீ போகணும்.”

சித்தி யோசித்தார். அவருக்கு லீவு பாக்கி இருந்தது. “சரி. திங்கக்கிழமைலேருந்து நான் இல்ல. வீட்லதான் உக்காந்திருப்பேன், பாப்பாவுக்கு ஆபத்துன்னா மட்டும் எழுந்திருப்பேன். மத்தபடி வீடு மூழ்கினாலும் ஊருக்குப் போனவதான்.”

சனி ஞாயிறு இரண்டு நாளும் சித்தப்பா சாப்பிடக்கூட மறந்து வேலை செய்தார். குழாய்க்குக் கீழே ஈரத்தைக் கண்டால் கத்தும் ஒரு சின்னப் பொருளை வைத்தார். பிரிட்ஜ் கதவில் ஒன்று. வாசல் கதவில் ஒன்று. கூடத்துச் சுவரில், பாப்பாவுக்கு எட்டும் உயரத்தில், சிவப்பாக ஒரு பட்டன். அதை அழுத்திப் பேசினால் பேச்சு அப்படியே பதிவாகிச் சித்தப்பாவின் போனுக்கு வரும். இந்த அலாரங்களில் எதையாவது அவர் கவனிக்காவிட்டால் அது அடுத்து சித்தியின் தம்பிக்குப் போகும். அவர் இரண்டு தெரு தள்ளி இருப்பவர், கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். அவரும் கவனிக்காவிட்டால் மூன்றாவது ஆளுக்குப் போகும்.

மூன்றாவது ஆள் யார் என்று சித்தப்பா யோசிக்கவே இல்லை. இதையெல்லாம் புதிதாக எழுதுவானேன் என்று ஆபீஸில் இருந்த செட்டிங்கை அப்படியே நகல் எடுத்து, மேலே இரண்டு பெயரை மட்டும் மாற்றியிருந்தார். இந்தத் தொழிலில் எல்லோரும் இப்படித்தான் செய்வார்களாம். ஓடுகிறதை நகல் எடு, மாற்ற வேண்டியதை மாற்று, மிச்சத்தைக் கண்ணெடுத்தும் பார்க்காதே.

திங்கட்கிழமை சித்தி ஊருக்குப் போய்விட்டார். அதாவது கூடத்து நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பத்திரிகை படித்தார். பாப்பா பிரிட்ஜைத் திறந்து எதையோ எடுத்துவிட்டு மூடாமல் போனாள். ஆபீஸில் சித்தப்பாவின் போன் கத்தியது. கட்டைவிரல் பாய்ந்தது. சத்தம் நின்றது. சித்தப்பா திருப்தியாக வேலையைத் தொடர்ந்தார்.

மாலையில் வீட்டுக்கு வந்தால் பிரிட்ஜ் கதவு அகலத் திறந்து கிடந்தது. பால் திரிந்திருந்தது. சித்தி அதே நாற்காலியில் இருந்தார்.

“நீ சாத்தியிருக்கலாமே.”

“நான் ஊர்ல இல்ல.”

“ஆபீஸ்ல இருந்துகிட்டு நான் எப்படிச் சாத்துறது?”

“அப்ப எதுக்கு பாத்துக்கறேன்னு அழுத்தினீங்க? அழுத்தாம இருந்திருந்தா என் தம்பிக்குப் போயிருக்கும். அவன் வந்து சாத்தியிருப்பான். இப்ப அவன் போன் வாயைத் திறக்கவே இல்ல. உங்க போன்ல சத்தம் நின்னுச்சு. கதவு சாத்தல.”

“பழக்கதோஷம். நாளைக்குப் பாத்துக்கறேன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. சித்தி பத்திரிகையில் பக்கத்தைப் புரட்டினார்.

செவ்வாயும் இதே கதைதான். புதன்கிழமை காலையில் சித்தப்பா பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை கம்பியில், ஒரு கை போனில். ஆபீஸ் அலாரம் அடித்தது. ஆர்டர்களை எழுதி வைக்கும் சர்வரில் இடம் நிரம்பிக்கொண்டிருக்கிறதாம். பழைய குப்பைகளை அழித்தால் போதும், சின்ன வேலைதான். ஆபீஸ் போனதும் செய்யலாம் என்று பச்சையை அழுத்தினார். அடுத்த நிறுத்தத்தில் வீட்டு அலாரம். வாசல் கதவு திறந்திருக்கிறதாம். அதையும் அழுத்தினார். பதறிப்போய் மச்சானுக்குப் போன் போட்டு, கதவைச் சாத்தச் சொல்லி, அவர் ஏன் என்று கேட்க, இவர் விளக்கம் சொல்ல, அந்தக் களேபரத்தில் சர்வர் மறந்தே போனது.

சர்வர் மறக்கவில்லை. மதியத்துக்குள் முழுவதும் நிரம்பிவிட்டது. அணியில் இருந்த மற்றவர்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பாத்துக்கறேன்தான் பார்த்துக்கொள்கிறாரே.

நிரம்பிய சர்வர் என்ன செய்யும்? இங்கேதான் கூத்து. வண்டிக்காரர் பொருளைக் கொடுத்துவிட்டு, கொடுத்தாகிவிட்டது என்று போனில் தட்டினால், அதை எழுதி வைக்க சர்வரில் இடமில்லை. ஆகவே அது கொடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் அனுப்பச் சொல்லும். ஒரு வீட்டில் ஒரு அம்மா வெள்ளரிக்காய் கேட்டிருந்தார். வெள்ளரிக்காய் வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது. சலுகை போலிருக்கிறது என்று வாங்கி வைத்தார். மறுபடியும் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டார். வண்டிக்காரர் நேர்மையான மனுஷர், ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டுப் போனார். மாலைக்குள் ஊரில் பாதி வீடுகளில் இப்படித்தான் ஏதோ ஒன்று குவிந்து கிடந்தது.

“என்னை வெள்ளரிக்காய்லேயே புதைக்கப் போறீங்களா?” என்று அந்த அம்மா கம்பெனிக்குப் போன் செய்து கேட்டார்.

வியாழக்கிழமை இதைப் பற்றி மீட்டிங். இந்த மாதிரி அணிகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. தப்பு நடந்தால் ஆளைத் தேட மாட்டார்கள், காரணத்தைத்தான் தேடுவார்கள். யாருடைய பெயரையும் சொல்லக்கூடாது. ‘ஒரு பொறியாளர்’ என்றுதான் சொல்ல வேண்டும். பயந்தால் உண்மை வெளியே வராது என்பதற்காக வைத்த விதி. கவனம் சிதறக்கூடாது என்று எல்லோருடைய போனையும் வாங்கி ஒரு கூடையில் போட்டுவிட்டார்கள். அணித்தலைவியின் போன் மட்டும் மேஜைமேல் இருந்தது. வெளியூரில் இருந்தவர்களும் கேட்க வேண்டும் என்று அதை அறையின் ஒலிபெருக்கியோடு இணைத்திருந்தார்கள்.

“காலையில ஒரு பொறியாளர் அலாரத்தை ஏத்துக்கிட்டாரு,” என்று ஒருவர் கூரையைப் பார்த்துச் சொன்னார்.

“அந்தப் பொறியாளர் அப்போ பயணத்துல இருந்திருக்கலாம்,” என்று இன்னொருவர் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

“அவருக்கு வீட்ல ஏதோ பிரச்சினை இருந்திருக்கலாம்,” என்று மூன்றாமவர் தன் செருப்பைப் பார்த்துச் சொன்னார்.

எல்லோரும் எல்லா இடத்தையும் பார்த்தார்கள், சித்தப்பாவை மட்டும் பார்க்கவில்லை. சித்தப்பாவுக்கு நான்தான் என்று கத்தினால் தேவலை போலிருந்தது. அதற்கும் விதியில் இடமில்லை.

அதே நேரத்தில் வீட்டில் பாப்பா சிவப்புப் பட்டன் அருகே போய் நின்றாள். அழுத்தினாள், பேசினாள். சித்தப்பாவின் போன் கூடையில் ஊமையாகக் கிடந்தது. கட்டைவிரல் இல்லாததால், முதல் தடவையாக அந்த அமைப்பு அது செய்ய வேண்டிய வேலையைச் செய்தது. அடுத்த ஆளுக்குப் போனது. சித்தியின் தம்பி அப்போது காரில், கற்றுக்கொள்ள வந்த ஒருவரைப் பின்பக்கமாக ஓட்ட வைத்துக்கொண்டிருந்தார். பையிலிருந்து லாரி பின்னால் வரும் சத்தம் கேட்கவும் ஓட்டியவர் அலறிப்போய் பிரேக்குக்குப் பதில் வேறு எதையோ மிதித்தார். தம்பி இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். போனை எடுக்க மூன்றாவது கை இல்லை. ஆகவே மூன்றாவது ஆளுக்குப் போனது.

மீட்டிங் அறையின் ஒலிபெருக்கி லாரிச் சத்தம் போட்டது. பிறகு ஒரு மழலைக் குரல் அறை முழுக்க நிறைந்தது.

“பொம்மைக்குக் காய்ச்சல். அப்பா பாத்துக்கறேன் பாத்துக்கறேன்னு சொல்வாரு. பாக்கவே மாட்டாரு. யாராவது வாங்க.”

கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கூரையையே பார்த்தார்.

அணித்தலைவி போனை எடுத்துத் திரையைப் படித்தார். “இது எந்த சர்வர்?”

“என் பொண்ணு மேடம்,” என்றார் சித்தப்பா. “ஆபீஸ் செட்டிங்கை நகல் எடுத்தேன். கடைசி வரியில இருந்த உங்க நம்பரை மாத்தலை.”

“நாம பேர் சொல்லக்கூடாது. வெளியிலேருந்து வந்த சாட்சிக்கு அந்த விதி பொருந்தாது,” என்றார் அணித்தலைவி. அவர் சிரிக்கவில்லை. மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் அவர் கேட்டார். “கீழ ஒரு சாம்பல் பட்டன் இருக்கே, முடியலைன்னு. அதை எத்தனை தடவை அழுத்தியிருக்கீங்க?”

“ஒரு தடவைகூட இல்ல மேடம்.”

“ஏன்?”

“அழுத்தினா... வேலை தெரியாதவன்னு நினைப்பாங்கல்ல.”

அணித்தலைவி மற்றவர்களைப் பார்த்தார். ஒவ்வொருவராக இல்லை என்று தலையாட்டினார்கள். யாரும் அழுத்தியதில்லை. கடைசியில் அவரே, “நானும் அழுத்தினதில்ல,” என்று மெதுவாகச் சொன்னார்.

வெள்ளரிக்காய்க்குக் காரணம் அங்கே கிடைத்துவிட்டது. அது ஓர் ஆள் அல்ல, ஒரு பொத்தான். அழுத்தியதும் எல்லோரையும் ஊமையாக்கிவிடுகிற, பிறகு ஒன்றுமே கேட்காத பச்சைப் பொத்தான். இனி அதை அழுத்தினால் கொஞ்ச நேரம் கழித்து, ‘முடிந்ததா?’ என்று போன் திரும்பக் கேட்க வேண்டும், பதில் வராவிட்டால் மறுபடியும் எல்லோருடைய போனும் கத்த வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதை எழுதும் வேலையைச் சித்தப்பாவுக்கே கொடுத்தார்கள். இந்த விஷயத்தில் அவரைவிட அனுபவசாலி அந்த ஆபீஸில் கிடையாது.

கிளம்பும்போது சித்தப்பா, “வீட்டு செட்டிங்லேருந்து உங்க நம்பரை எடுத்துடறேன் மேடம்,” என்றார்.

“வேணாம், இருக்கட்டும். பொம்மைக்கு எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியணும்.”

அன்று மாலைக்குள் எழுதி முடித்தார். அப்படியே வீட்டுக்கும் நகல் எடுத்தார். இந்தத் தடவை எல்லா வரியையும் படித்தார்.

வெள்ளிக்கிழமை. சித்தி பதில் எழுத வேண்டிய கடைசி நாள். சித்தப்பா மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். சித்தி நாற்காலியில் இருந்தார். மடியில் போன் இருந்தது. வரமுடியாது என்று எழுதியிருக்கிறாரா, எழுதப் போகிறாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

சித்தப்பா திரைச்சீலைக் கம்பியைச் சரிசெய்தார். பாப்பாவை அழைத்துப்போய் ஷூ மாற்றினார். கடைசியாகக் குழாய். நூலை அவிழ்த்தார். ஸ்பேனரை எடுத்து, எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் தெரிந்த பக்கம் திருப்பினார். குழாயின் தலை கையோடு வந்துவிட்டது. தண்ணீர் சீறிக்கொண்டு கூரைக்குப் போய், அங்கிருந்து சித்தப்பாவின் தலைக்கு வந்தது.

பாப்பா கைதட்டினாள். இவ்வளவு நல்ல சாயங்காலம் அவளுக்கு வாய்த்ததே இல்லை.

தரையில் ஈரத்தைக் கண்ட சின்னப் பொருள் தன் கடமையைச் செய்தது. சித்தப்பாவின் சட்டைப் பையில் போன் கத்தியது. ஒரு கையால் குழாயைப் பொத்திக்கொண்டு மறுகையால் போனை எடுத்தார். ஈரக் கட்டைவிரல் வழக்கம்போலப் பச்சைக்குப் போனது.

சித்தி சமையலறை வாசலில் வந்து நின்றிருந்தார். விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

விரல் பச்சைக்கு மேலே கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. தண்ணீர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு அது கீழே இறங்கிச் சாம்பல் பொத்தானை அழுத்தியது.

என்னால் முடியவில்லை, அடுத்தவரைக் கூப்பிடு.

சித்தியின் தம்பி வந்தார். காரை ஓட்டி வந்தவர் முந்தின நாள் கற்றுக்கொள்ள வந்த அதே ஆள்தான், அதனால் நடந்து வந்திருந்தால் சீக்கிரம் வந்திருப்பார். உள்ளே நுழைந்ததும் குழாயைப் பார்க்காமல் மாடிப்படி ஓரம் போய் எதையோ திருப்பினார். தண்ணீர் நின்றது.

“மாமா, இங்க ஒரு வால்வு இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாது,” என்றார் சித்தப்பா. ஒரு தடவை சொன்ன பிறகு அந்த வார்த்தை சுலபமாகத்தான் வந்தது. “குழாயை எப்படிச் சரி பண்றதுன்னும் தெரியாது. பிளம்பரைக் கூப்பிடு.”

பிளம்பர் வந்து புது வாஷர் போட்டார். பழைய குழாயின் வாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்த நூலை யாரு கட்டினது?”

பாப்பா வாயைத் திறந்தாள். சித்தி அவள் வாயைப் பொத்தினார். “இந்த வீட்ல ஆளைத் தேட மாட்டோம். காரணத்தைத்தான் தேடுவோம்.” வியாழக்கிழமை மீட்டிங் கதையைச் சித்தப்பா ஒரு வரி விடாமல் சொல்லியிருந்தார்.

எல்லோரும் போன பிறகு சித்தப்பா தலையைத் துவட்டிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார். “தோத்துட்டேன். குழாயை நான் சரி பண்ணல. எழுதிடு.”

சித்தி போனை எடுத்து எழுதினார். அனுப்பிவிட்டுத் திருப்பிக் காட்டினார். வருகிறேன் என்று இருந்தது.

சித்தப்பாவுக்குப் புரியவில்லை. “அதான் தோத்துட்டேனே.”

“குழாய் சரி பண்ண ஊர்ல ஆளா இல்ல? தெரியலைன்னு சொல்லத்தான் இந்த வீட்ல ஆளில்லாம இருந்துச்சு,” என்றார் சித்தி. “கீழ நிக்கிறவரு ‘எனக்குத் தெரியல, இறக்காதே’ன்னு ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுவாரு பாருங்க, அவரை நம்பித்தான் நான் மேல ஏறுவேன்.”

ஆறு வாரம் சித்தி இல்லாமல் வீடு ஓடியது. ஒழுங்காக ஓடியது என்று சொல்ல முடியாது. சாம்பல் பொத்தான் தேயத் தேய அழுத்தப்பட்டது. “மாமா, பாப்பாவுக்கு ரெண்டு ஜடை போடத் தெரியலைன்னு எனக்கு அலாரம் அனுப்பறீங்களே, எனக்கு மட்டும் தெரியுமா?” என்று மச்சான் புலம்பினார். அவரும் சாம்பலை அழுத்தினார். அணித்தலைவி மதிய இடைவேளையில் வீடியோவில் வந்து ஜடை போடச் சொல்லிக்கொடுத்தார். ஆபீஸிலும் சாம்பல் பொத்தான் பழக்கத்துக்கு வந்துவிட்டது. சித்தப்பாவுக்கு ‘பாத்துக்கறேன்’ என்ற பெயர் மட்டும் மாறவில்லை, ஆனால் இப்போது அந்தப் பெயரை நம்புகிறார்கள். சித்தி கரையோரத்துப் பெரிய கிரேனில் உட்கார்ந்துவிட்டார். கீழிருந்து பார்த்தால் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு புள்ளி மாதிரித் தெரிகிறார்.

ஆக, அன்றைக்குக் கேட்டவனுக்கு என் பதில் இதுதான். ஓடாமல் நின்றது, யாராவது போய்ப் பார்க்கும் வரை நின்றபடியேதான் இருக்கும். சத்தத்தை நிறுத்துவது வேறு, நின்றுபோனதைப் போய்ப் பார்ப்பது வேறு. சித்தப்பாவின் வேலை இரண்டாவது.

இதைப் படித்தவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் ஆபீஸிலும் ஒரு ‘பாத்துக்கறேன்’ கட்டாயம் இருப்பார், அவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். படித்தேன் என்று ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். முடியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம், அடுத்தவரைக் கூப்பிட்டு அவரையாவது சொல்லச் சொல்லுங்கள்.